மாத்திரை இறக்கிய காய்ச்சல்

மாத்திரை நாக்கில் ஒட்டிக்கொண்டது. முதல் மடக்குத் தண்ணீர் அதைச் சுற்றிக்கொண்டு போய்விட, கசப்பு மட்டும் மெதுவாகக் கரைந்து அடிநாக்குக்கு இறங்கியது. இரண்டாவது மடக்கில் போனது. போய்விட்டது, இனி அது பார்த்துக்கொள்ளும் என்று படுத்தேன். மேலே மின்விசிறி ஓடவில்லை, நான்தான் நிறுத்தியிருந்தேன், குளிர்கிறது. பங்குனி வெயிலில் கோவில்பட்டியே வெந்துகொண்டிருக்கும்போது நான் ஒருத்தி மட்டும் போர்வைக்குள் நடுங்குவது வேடிக்கையாக இருந்தது. பல்லோடு பல் முட்டுகிற சத்தம் மண்டைக்குள் கேட்டது. வெர்மாமீட்டர், இல்லை தெர்மாமீட்டர், காய்ச்சலில் மனசுக்குள்கூட வாய் குளறுகிறது, அதில் நூற்றொன்றைத் தாண்டி நின்றது. இருக்கட்டும். சாயங்காலத்துக்குள் இறங்கிவிடும். இறங்க வேண்டும். இறங்கினால்தான் அக்கா வந்து கூப்பிடும்போது பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு ஆட்டோவில் ஏற முடியும், அக்கா மகள் அபியின் பிள்ளையை மடியில் வாங்க முடியும், சீனித்தண்ணீரில் விரலை முக்கி அதன் உதட்டில் வைக்க முடியும். பிறந்த பிள்ளைக்கு முதல் இனிப்பைத் தொட்டு வைப்பவரின் குணம் அந்தப் பிள்ளைக்கு வரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. சேனை வைப்பது என்போம். வைக்கிறவரை யோசித்து யோசித்துப் பொறுக்குவார்கள். இந்த வயது வரை என்னை யாரும் பொறுக்கியதில்லை. எனக்கு யார் வைத்தார்கள் என்று கேட்டால்கூட எங்கள் வீட்டில் பதில் இருந்ததில்லை. மூன்றாவது பெண், யாரோ வைத்திருப்பார்கள், வைக்காமலும் விட்டிருப்பார்கள்.

ஆனாலும் காய்ச்சலில் ஒரு சுகம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. கண்ணை மூடினால் இமைக்குப் பின்னால் சூடாக ஒரு சிவப்பு. போர்வைக்குள் என் மூச்சே எனக்குத் திரும்பி வருகிறது, வெதுவெதுவென்று. யாரும் எதுவும் கேட்க முடியாது. மின்வாரிய வசூல் கவுண்டரில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து உட்கார்ந்து, மனிதர்கள் என்றாலே எனக்கு ஓட்டை வழியாகக் குனிந்து பேசுகிற வாய்கள்தான். முந்தாநாள் ஒரு வாய் அந்த ஓட்டை வழியாகவே இருமியது. "போன மாசத்த விட இந்த மாசம் எப்பிடிம்மா இம்புட்டு?" என்று கேட்டுவிட்டு ஒரு இருமல், விளக்கம் சொல்வதற்குள் இன்னொரு இருமல். அந்த ஆள் விட்டுப்போனதுதான் இது. இன்றைக்கு லீவு. லீவு போட்டது காய்ச்சலுக்கு இல்லை, சேனைக்கு. நேற்றே நகத்தை ஒட்ட வெட்டியாயிற்று. பச்சைச் சேலை, கடுகு நிற பார்டர், நாற்காலியில் விரித்துக் கிடக்கிறது, யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரி. அதைப் பார்க்கப் பார்க்கச் சிரிப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் அபி கட்டிலில் கிடந்தபடி சொன்னாள், "சித்தி, நீங்கதான் வைக்கணும், நான் மாசமா இருக்கும்போதே முடிவு பண்ணிட்டேன்." நர்ஸ் அங்கேயே மறித்துவிட்டாள், இங்கே சீனித்தண்ணி தேன் எதுவும் கூடாது என்று. அபி கெஞ்சிக் கேட்டதில் நர்ஸே குரலை இறக்கி, வீட்டுக்குப் போய் வேண்டுமானால் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு உதட்டில் தொட்டும் தொடாமலும் வையுங்கள், நான் சொன்னேன் என்று சொல்லாதீர்கள் என்றாள். அபியின் மாமியார் பேச்சியம்மாள் ஜன்னல் பக்கம் நின்று பழத்தை உரித்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல் பேசினாள். "சேனை வைக்கிற ஆளு குணம் அப்பிடியே வரும்பாக. புருசன் வீட்ட விட்டுக் கிளம்பி வார குணமும் சேந்து வந்துரப்பிடாதுல்லா." அக்காவுக்கு முகம் செத்துவிட்டது. அபிதான் பட்டென்று சொன்னாள். "வந்தா வரட்டும் அத்தை. பஸ் ஏறத் தெரிஞ்ச பிள்ளையா இருக்கட்டும்." தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவளே சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகவாவது இன்றைக்கு நான் போயாக வேண்டும். போகாவிட்டால் பேச்சியம்மாள் மதினி பழம் உரிக்கிற மாதிரி என்னை உரித்துவிடுவாள்.

மேசையில் ஒரு காகிதக் கவர் கிடக்கிறது. கிடந்தால் என்ன, ஆனால் கண் அதிலேயே போய் நிற்கிறது. தவசி அண்ணாச்சி மெடிக்கலில் நேற்று வாங்கிய செட். தும்மல், தொண்டை வலி என்றேன், அவர் ஒன்றும் கேட்காமல் கத்தரிக்கோலை எடுத்து இந்த அட்டையில் கொஞ்சம், அந்த அட்டையில் கொஞ்சம் என்று நறுக்கிக் கவருக்குள் போட்டு, "காலையில ஒரு செட்டு, ராத்திரி ஒரு செட்டு, சாப்ட்டுட்டு" என்றார். ஊரே இப்படித்தான் வாங்குகிறது. ஒரு மஞ்சள், பொடிசாக ஒரு ரோஸ், ஒரு வெள்ளை. காலையில் இட்லிக்குப் பிறகு ஒரு செட் போட்டேன். மத்தியானம் காய்ச்சல் ஏறவும், கொரோனாவிலிருந்து கைப்பையில் நிரந்தரமாகக் குடியிருக்கிற அட்டையிலிருந்து இந்தப் பெரிய மாத்திரையைப் போட்டேன். இதுவும் வெள்ளை. காலையில் போட்ட அந்த வெள்ளை என்ன? எழுந்து கவரைக் கொட்டிப் பார்த்தேன். நறுக்கிய துண்டில் ஒரு மூலையும் ஒரு தேதியும்தான் இருந்தன, பெயர் இருந்த பக்கம் கடையிலேயே தங்கிவிட்டது. இரண்டும் ஒன்றா? ஒன்று என்றால் ஒரே மாத்திரையை இரண்டு பெயரில் தின்றிருக்கிறேனா? வலது விலாவுக்குக் கீழே கையை வைத்துப் பார்த்தேன். அங்கேதான் ஈரல். ஜெபராஜ் சார் அங்கேதான் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், போன வருஷம், கவுண்டரில் எனக்கு அடுத்த நாற்காலியில். பல்வலி அவருக்கு. பல் டாக்டரிடம் போகப் பயம், காய்ச்சல் மாத்திரைக்குப் பயமில்லை. வலிக்கும்போதெல்லாம் ஒன்று. பற்றவில்லை என்று வேறு கடையில் வேறு பெயரில் இன்னொன்று. சாயங்காலமானால் பிராந்திக் குப்பி வேறு. "சார், கண்ணு மஞ்சளா இருக்கே" என்று நான்தான் சொன்னேன், "டியூப்லைட்டும்மா" என்றார். திருநெல்வேலியில் கொண்டுபோய்ச் சேர்த்தபோது என்ன சாப்பிட்டீர்கள் என்று டாக்டர் கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல டாக்டர், சும்மா காய்ச்சல் மாத்திரைதான்" என்றாராம். சும்மா. அந்தச் சும்மாவை டாக்டர் திரும்பத் திரும்பச் சொல்லித் திட்டினாராம். பிழைத்து வந்துவிட்டார். இப்போது மோர்ச்சாதமும் வேதவசனமுமாக இருக்கிறார், பல்லையும் பிடுங்கியாயிற்று. நான் குப்பி தொடுகிறவள் இல்லை. நாள்கணக்கில் விழுங்கியவளும் இல்லை. இருந்தாலும் விலாவுக்குக் கீழே ஏதோ குத்துகிற மாதிரி இருக்கிறது. கையை எடுத்தால் குத்தவில்லை. வைத்தால் குத்துகிறது. கையை எடுத்துவிட்டேன். மறுபடி வைத்தேன்.

போனில் தவசி அண்ணாச்சி எடுப்பதற்குள் அவர் கடையில் யாருக்கோ இருமல் மருந்து விற்று முடிந்தது, அதுவும் காதில் விழுந்தது. "அண்ணாச்சி, நான் ஈபி கவுண்டர் வல்லி பேசுதேன். நேத்து குடுத்த செட்டுல அந்த வெள்ளை என்ன மாத்திரை?" "அது காய்ச்சல் மாத்திரைம்மா." "எனக்கு நேத்து காய்ச்சலே இல்லயே. தும்மல்னுதான சொன்னேன்?" "வரும்லா. வந்துட்டா?" எனக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. மத்தியானம் போட்டதைச் சொன்னேன். அட்டையைப் படிக்கச் சொன்னார், படித்தேன். "ரெண்டும் ஒரே சரக்குதான். காலையில போட்டது சின்னது, இது பெருசு. நடுவுல நேரம் விட்டுத்தான போட்டிருக்கீக? ஒண்ணும் ஆவாது, பயப்படாதீக. ஆனா ராத்திரி செட்டப் போட்டா இந்தப் பெருச போடக்கூடாது, இதப் போட்டா அந்த வெள்ளைய எடுத்துத் தூரப் போட்டுரணும். ஒண்ணுக்கும் அடுத்ததுக்கும் ஆறு மணி நேரமாவது இருக்கட்டும். தண்ணி நிறைய குடிங்க. ரெண்டு நாளைக்கு மேல இழுத்துச்சுன்னா ஆஸ்பத்திரிக்குப் போயிரணும், எங்கடைக்கு வரப்பிடாது." "இத நேத்தே சொல்லப்பிடாதா அண்ணாச்சி?" "நேத்து நீங்க கேக்கலயே" என்றார், அது நியாயம் மாதிரியும் இருந்தது, அநியாயம் மாதிரியும் இருந்தது. போனை வைத்துவிட்டு விலாவுக்குக் கீழே கை வைத்தேன். குத்தவில்லை.

பயம் போனதும் பழைய சிநேகிதம் வந்துவிட்டது, எனக்கும் இந்த மாத்திரைக்கும் உள்ள சிநேகிதம். யாரிடமும் சொன்னதில்லை. சிவகாசியில் அந்த வீட்டில், கல்யாணமாகி இரண்டாவது வருஷம், இதே போல ஒரு காய்ச்சல். படுத்தால் மாமியார் தண்ணீர்க் குடத்தைக் கொண்டுவந்து தலைமாட்டில் வைப்பாள், சத்தமாக, காலிக் குடத்தை, எழுந்து தண்ணி எடுக்கப் போ என்று. அவர் என்னை அடித்த ராத்திரிகளில்கூட நான் யோசிக்காததை அந்தக் காலிக் குடம் யோசிக்க வைத்தது. "மாத்திரை வாங்கிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினேன். பொய் இல்லை, மாத்திரை வாங்கத்தான் போனேன். பெட்டிக்கடையில் வாங்கி, பஸ் ஸ்டாண்டில் பன்னீர் சோடாவில் விழுங்கி, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பலாம் என்றுதான் பெஞ்சில் உட்கார்ந்தேன். எதிரே கோவில்பட்டி பஸ் நின்றது. அவ்வளவுதான், வேறு காரணம் எதுவும் கிடையாது. ஜனங்கள் கேட்கும்போது பெரிய காரணங்களைச் சொல்லியிருக்கிறேன், எல்லாம் உண்மைதான், ஆனால் அன்றைக்கு நடந்தது இதுதான், பஸ் நின்றது, ஏறினேன். சாத்தூர் தாண்டும்போது வேர்த்தது. அப்படி ஒரு வேர்வை, ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொண்டது, ஜன்னல் காற்றுப் பட்டு உடம்பு முழுக்கச் சில்லென்று, தலை லேசாகி, இரண்டு பக்கமும் கருசல் காடு ஓட, எல்லாம் சரியாகிவிட்டது, காய்ச்சலும் கல்யாணமும் ஒன்றாக இறங்கிவிட்டன என்று நினைத்தேன். கல்யாணம் இறங்கியது. காய்ச்சல் இறங்கவில்லை. அக்கா வீட்டு நடையில் கால் வைத்துக் கொஞ்ச நேரத்தில் திரும்ப ஏறியது. டைபாய்டு. அபி அப்போது பாவாடைச் சட்டை, என் நெற்றியில் ஈரத் துணியை வைத்து வைத்துத் தலையணையையும் நனைத்துவிடுவாள். அந்தப் படுக்கையில்தான் எனக்குப் புரிந்தது, மாத்திரை சூட்டைத்தான் இறக்கும், வந்தவனை வெளியே அனுப்பாது. அவன் உள்ளே உட்கார்ந்திருப்பான். சத்தம் காட்ட மாட்டான், அவ்வளவுதான்.

இதை யோசித்துக்கொண்டிருக்கும்போதே வேர்த்துவிட்டது. முதலில் மேலுதட்டில், அப்புறம் கழுத்துக் குழியில், அப்புறம் மொத்தமாக. போர்வையைத் தள்ளினேன். மின்விசிறியைப் போட்டேன். ஆகா. உலகத்தில் இதைவிட மலிவான சொர்க்கம் இல்லை. கை கால் கழன்று விழுந்த மாதிரி ஒரு தளர்ச்சி, தலைக்குள் துடைத்துவிட்ட பலகை மாதிரி ஒரு வெறுமை, வெளியே காய்கறி வண்டிக்காரன் கத்தரிக்காயைப் பாட்டாகப் பாடுவது நேர்த்தியாகக் கேட்கிறது. பசித்தது. ரசம் ஊற்றிச் சாப்பிட்டேன். அளந்து பார்த்தேன், காய்ச்சல் இல்லை. முகம் கழுவி, தலை வாரி, பச்சைச் சேலையைக் கட்டினேன். மடிப்பு ஒரே தடவையில் வந்தது, அது எப்போதும் வருவதில்லை. பழகிப் பார்க்கலாம் என்று ஒரு டம்ளரில் சீனியைக் கரைத்து வைத்தேன். விரலை முக்கி, சொட்டை உதறி, காற்றில் ஒரு சின்ன உதடு இருப்பதாக நினைத்துக்கொண்டு தொட்டேன். அப்போதுதான் தும்மல் வந்தது. அந்தக் காற்று உதட்டின் மேலேயே தும்மினேன். விரல் நின்றுவிட்டது. இல்லை, ஒன்றும் ஆகாது, முகக்கவசம் போட்டுக்கொள்ளலாம். சேனை வைக்கிறவள் முகக்கவசம் போட்டுக்கொண்டு வந்தால் பேச்சியம்மாள் என்ன சொல்வாள். ஒரு நிமிஷம்தானே. மூச்சைப் பிடித்துக்கொள்ளலாம். யாருக்குத் தெரியப்போகிறது, தொட்டுப் பார்த்தால் சில்லென்று இருக்கிறேன், தெர்மாமீட்டரே என் பக்கம் சாட்சி சொல்கிறது. கவுண்டரில் இருமியவனும் ஒரு நிமிஷம்தான் நின்றான். அவனும் ஏதாவது ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் வந்திருப்பான், பாவம், வேலை ஆக வேண்டுமே. நான் ஐம்பதைத் தாண்டியவள், ரசம் குடித்து எழுந்துவிட்டேன். அது பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஒரு நிமிஷம்தான். ஒரு நிமிஷம்தான். நினைப்பு செக்கு மாடு மாதிரி அதையே சுற்றியது, ஒவ்வொரு சுற்றுக்கும் நிமிஷம் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதானது.

ஆட்டோ சத்தம் கேட்டது. கோமதி அக்கா பட்டுச் சேலையில், வாயெல்லாம் சிரிப்பாக வாசலில் நின்றாள். "ஏட்டி, ரெடியாயிட்டியே! எம் தங்கச்சியா இது, கல்யாணப் பொண்ணு மாதிரில்லா இருக்கா." உள்ளே வர இருந்தவளைக் கையைக் காட்டி நிறுத்தினேன். "அக்கா, கிட்ட வராத. எனக்குக் காய்ச்சல்." "எப்ப?" "நேத்தே தொண்டை சரியில்ல. மத்தியானம் ஏறிட்டு." அக்கா கேட்கிற ஆளா, வந்து கழுத்தில் கையை வைத்துவிட்டாள். "சில்லுனுல்லா இருக்கு. என்னட்டி பயங்காட்டுத?" "மாத்திரை போட்டிருக்கேன்க்கா. மாத்திரை இறக்கி வச்சிருக்கு, அவ்ளோதான்." அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு யோசித்தாள். "ஒரு சொட்டுதான வல்லி. தொட்டு வச்சுட்டு உடனே திரும்பிரலாம். நீ வரலன்னா அந்த மதினி என்ன பேசுவான்னு தெரியும்லா? அன்னைக்கே பேசுனா." "பேசட்டும்." "எனக்குத் தாங்காதுட்டி" என்றாள். அவள் கண் கலங்கியது. எனக்கு ஏனோ கலங்கவில்லை. "ஒனக்குத் தாங்கும், பிள்ளைக்குத்தான் தாங்காது. ஒன் பேத்திக்கா அது. போ, போய்க் கை காலக் கழுவிட்டு, சேலைய மாத்திட்டு அதுகிட்டப் போ" என்றேன். ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். அக்கா பாதித் தெரு போகும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்தாள், நான் மனசு மாறிக் கூப்பிடுவேன் என்று.

அபிக்கு நானே போன் பண்ணினேன். "சித்தி, அப்ப நாம தள்ளி வச்சுக்கலாம், எனக்கு நீங்கதான்" என்றாள். பின்னால் பேச்சியம்மாள் குரல் கேட்டது. "நாளத் தள்ளப்பிடாது, சொல்லிட்டேன். இன்னைக்கு விட்டா நல்ல நாள் இல்ல." அப்புறம் போனே அவள் கைக்குப் போய்விட்டது. "மதினி, காய்ச்சலாமே?" "ஆமா மதினி." "இப்ப எப்பிடி இருக்கு?" "இப்ப இல்ல. மாத்திரை போட்டதுல இறங்கியிருக்கு." நான் காத்திருந்தேன். உரிக்கட்டும் என்று. "இறங்குன பொறகு எதுக்குச் சொல்லுதீக, பேசாம வந்திருக்கலாம்ல?" என்றாள், குத்தலாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரி. "திரும்ப ஏறும் மதினி" என்றேன். "சரி. நல்லாத் தண்ணி குடிங்க. அப்ப நான் வைக்கேன்" என்றாள். அவ்வளவுதான். என் மடி, என் சேலை, என் விரல், எல்லாம் போய்விட்டது. சேலையோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அழுகை வருகிறதா என்று பார்த்தேன், வரவில்லை. ஜன்னல் கம்பியில் வெயில் மஞ்சளாகி, அப்புறம் சிவப்பாகி, சுவரில் ஏறி முடிந்தது. அபி கூப்பிட்டாள். "சித்தி, அத்தை வச்சாக. கேளுங்க" என்று போனைப் பிள்ளை பக்கம் காட்டினாள். அப்படி ஒரு அலறல். இத்தனூண்டு தொண்டைக்குள் எத்தனை பெரிய சத்தம். "உதட்டுல பட்டதுதான் தாமதம், நிறுத்தவே மாட்டேங்கா." "குணம் வந்துட்டுதுல்லா" என்றேன். அபி சிரித்த சிரிப்பில் தையல் வலித்திருக்கும். "மெதுவாட்டி" என்றேன். "யாரு அங்க சிரிக்கது?" என்று பேச்சியம்மாள் கேட்பதும் காதில் விழுந்தது.

விளக்கைப் போட்டேன். முதுகுத் தண்டில் மேலிருந்து கீழே ஒரு குளிர் இறங்கியது, அப்புறம் இன்னொன்று. முட்டி வலித்தது. கண்ணிமை கனத்தது. கழுத்தில் கையை வைத்தேன், சுட்டது. வந்துவிட்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, காய்ச்சல் வந்ததற்குச் சந்தோஷப்பட்டவள் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். போயிருந்தால் இந்நேரம் பிள்ளை என் மடியில் கிடந்திருக்கும். இந்தச் சூட்டில். பச்சைச் சேலையை அவிழ்த்து மடித்து வைத்தேன். தவசி அண்ணாச்சி சொன்ன நேரம் ஆகிவிட்டதா என்று கடிகாரத்தைப் பார்த்தேன், ஆகவில்லை, போர்வையைச் சுற்றிக்கொண்டு காத்திருந்தேன், நடுங்கிக்கொண்டே, அதுவும் நன்றாகத்தான் இருந்தது. ஆனதும் கவரைக் கொட்டி, அந்த வெள்ளையைப் பொறுக்கிக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, பெயர் தெரிந்த அட்டையிலிருந்து ஒன்றைப் பிதுக்கினேன். மத்தியானம் போட்ட மாத்திரை ஊருக்காக. இது எனக்கு, தலை வலிக்கிறது, போடுகிறேன், யாரையும் நம்ப வைக்க வேண்டியதில்லை. இந்தத் தடவையும் நாக்கில் ஒட்டிக்கொண்டுதான் போனது. கசப்பு நின்றது. சீனித்தண்ணீர் டம்ளர் வைத்த இடத்திலேயே இருந்தது. ஒட்ட நகம் வெட்டிய விரலை அதில் முக்கி, சொட்டை உதறி, என் உதட்டில் வைத்துக்கொண்டேன்.